சேலத்தில் குழந்தையின் கட்டைவிரலைப் பொறுமையாகப் பார்க்கிற ஒரு கை தெரபி சென்டர் (நான்கு ஸ்டார்)

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறவியிலேயே கையில் வித்தியாசம் உள்ள குழந்தை வீட்டில் இருந்தால் இந்த சென்டருக்குத் தாராளமாகப் போகலாம். மாடிப்படி, இங்கிலீஷ் ரிப்போர்ட் என்று குறைகள் இருக்கின்றன, அதையும் கீழே எழுதியிருக்கிறேன். ஆனால் கட்டைவிரல் எவ்வளவு அசைகிறது, எப்படி அசைகிறது என்று தெரிந்துகொள்ளத்தான் போகிறீர்கள் என்றால் அந்த வேலையை இவர்கள் ஒழுங்காகச் செய்கிறார்கள். இங்கே இருக்கிற மற்ற ரிவ்யூ எல்லாம் முழங்கால் வலி, தோள்பட்டை வலி, பக்கவாதம் என்றே இருப்பதால், குழந்தையின் கைக்காகத் தேடி வருகிறவர்களுக்காகக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

என் மகளுக்கு இரண்டரை வயது. வலது கைக் கட்டைவிரல் பிறந்ததிலிருந்தே சிறுத்தது. அதன் அடியில் இருக்க வேண்டிய சதைமேடு தட்டையாக இருக்கும், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள தோல் இறுக்கமாக இருக்கும். எனக்குத் தொழில் சிவதாபுரம் பக்கம் வெள்ளிக் கொலுசுப் பட்டறை. நாள் முழுக்க சாமணமும் கையுமாக உட்கார்ந்திருப்பவனுக்குக் கட்டைவிரல் என்ன வேலை செய்கிறது என்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அதனாலேயே, இதற்கு முன் வேறொரு இடத்தில் (பெயர் வேண்டாம்) கொடுத்த சீட்டைப் பார்த்ததும் எனக்கு ஒப்பவில்லை. அங்கே இருந்தவர் பாப்பாவின் விரலைப் பிடித்து முன்னும் பின்னும் மடக்கிப் பார்த்துவிட்டு "மூவ்மென்ட் நார்மல்" என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அவர் மடக்கினால் மடங்கத்தான் செய்யும். அவள் தானாக மடக்குகிறாளா, மடக்கி ஒரு பொருளைப் பிடிக்கிறாளா என்பதுதானே விஷயம்? அதை அவர் பார்க்கவே இல்லை. டோக்கன் எண் கூப்பிட்டதிலிருந்து வெளியே வந்தது வரை பாப்பா என் மடியை விட்டு இறங்கக்கூட இல்லை.

இங்கே நடந்தது நேர் எதிர். தெரபிஸ்ட் மேடம் முதல் கால் மணி நேரம் பாப்பாவைத் தொடவே இல்லை. ஒரு பாயை விரித்து, சாமான்களை ஒவ்வொன்றாக வைத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்துகொண்டார். கிண்ணத்தில் கொஞ்சம் பொரி, ஒரு உண்டியல், சில நாணயங்கள், மூடி போட்ட பாட்டில்கள், பெரிய ரப்பர் பந்து, களிமண், நூலில் கோக்கிற பெரிய மணிகள். ஒரு ஸ்டாண்டில் போன் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தது (முன்னாலேயே எங்களிடம் கேட்டு, முகம் வராமல் கை மட்டும் தெரிகிற மாதிரி வைத்தார்). பாப்பா என்ன செய்தாள் என்று நீங்களும் கவனித்தால் புரியும். இடது கையால் பொரி எடுக்கும்போது கட்டைவிரல் நுனியும் ஆள்காட்டி நுனியும் சேர்ந்தன. அந்தக் கிண்ணத்தை அவர் வலது பக்கம் நகர்த்தி வைத்ததும், வலது கையில் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில், பீடி பிடிக்கிற மாதிரி, ஒரு பொரியை இடுக்கி எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். கட்டைவிரல் பக்கத்தில் சும்மா நின்றது. வீட்டில் தினமும் சாப்பிடுகிற குழந்தைதான், நாங்கள் இதை இத்தனை தெளிவாகப் பார்த்ததில்லை, ஏனென்றால் சாப்பாடு வாய்க்குப் போகிறதா என்றுதானே பார்ப்போம்.

இது ஏன் முக்கியம் என்று அப்புறம் சொன்னார். சாதாரணமாக ஒன்பது பத்து மாதத்தில் குழந்தைகள் சின்னப் பொருளைக் கட்டைவிரல் நுனியால் எடுக்க ஆரம்பித்துவிடும். கட்டைவிரலில் பலமோ நிலைப்போ இல்லாத குழந்தை அதற்காகக் காத்திருக்காது, வேறு வழி கண்டுபிடித்துவிடும். அந்த வழிதான் இந்த இடுக்கிப் பிடி. அப்படியே பழகிக்கொண்டே போனால் ஆள்காட்டிக்கும் நடுவிரலுக்கும் இடையிலான இடைவெளி அகன்றுவிடும், ஆள்காட்டி விரலே மெல்லத் திரும்பிக் கட்டைவிரல் வேலையைச் செய்ய ஆரம்பிக்கும். ஆக, குழந்தை எந்த விரலைக் கொண்டு எடுக்கிறது என்பதே பெரிய தகவல். நாணயத்தை உண்டியலில் போடும்போது மட்டும், சாவி பிடிப்பது போலக் கட்டைவிரலை ஆள்காட்டியின் பக்கவாட்டில் அழுத்திப் பிடித்தாள். அதைப் பார்த்ததும் மேடம் முகத்தில் ஒரு வெளிச்சம். "இதை எழுதிக்கறேன் சார், இவ கட்டைவிரலை ஒதுக்கி வைக்கல, வேலைக்குத் தகுந்த மாதிரி கூப்பிட்டுக்கறா" என்றார்.

எக்ஸ்ரே எடுத்தால் எல்லாம் தெரிந்துவிடாதா என்று நானும் கேட்டேன். இந்த வயதில் தெரியாது. கட்டைவிரலின் அடிமூட்டில் மணிக்கட்டோடு சேருகிற ட்ரபீசியம் என்ற எலும்பு, குழந்தைகளுக்கு நாலைந்து வயது வாக்கில்தான் எக்ஸ்ரேயில் தெரிய ஆரம்பிக்கும், அதுவரை அது குருத்தெலும்பு. முடிவு எடுக்க வேண்டியதோ அந்த மூட்டு நிலையாக இருக்கிறதா ஆடுகிறதா என்பதை வைத்துத்தான். சிறுத்த கட்டைவிரலை ப்ளௌத் என்ற ஜெர்மன் டாக்டர் 1967இல் ஐந்து வகையாகப் பிரித்திருக்கிறார். முதல் வகையில் விரல் கொஞ்சம் சின்னது, அவ்வளவுதான். இரண்டாவதில் சதைமேடு மெலிந்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிக்கும் நடுவே உள்ள தோல் இடுக்கு குறுகி, நடுமூட்டு பக்கவாட்டில் ஆடும். நான்காவதில் வெறும் தோலில் தொங்கும். ஐந்தாவதில் கட்டைவிரலே இருக்காது. நடுவில் இருக்கிற மூன்றாவது வகைதான் தலைவலி. அதைப் பின்னால் ஏ, பி என்று இரண்டாகப் பிரித்தார்கள்: அடிமூட்டு நிலையாக இருந்தால் ஏ, ஆடினால் பி. ஏ என்றால் இருக்கிற விரலையே சரிசெய்யப் பார்ப்பார்கள். பி என்றால் பெரும்பாலும் அந்தச் சின்ன விரலை எடுத்துவிட்டு ஆள்காட்டி விரலைக் கட்டைவிரல் இடத்துக்கு மாற்றி வைக்கிற ஆபரேஷனைத்தான் சொல்வார்கள். அப்புறம் கையில் நான்கு விரல்தான் இருக்கும். இதைக் கேட்கிற எந்த அப்பா அம்மாவுக்கும் வயிறு கலங்கும். அப்படி ஒரு முடிவு, குழந்தை பொரி எடுப்பதை யாராவது உட்கார்ந்து பார்த்தார்களா இல்லையா என்பதில் நிற்கிறது என்பது எனக்கு இங்கே வந்துதான் தெரியும்.

விளையாட்டு முடிந்த பிறகுதான் கையைத் தொட்டார், அதுவும் நல்ல கையை முதலில். இடது கையில் என்ன அளவோ அதுதான் இவளுக்கு நார்மல், புத்தகத்தில் இருக்கிற எண் இல்லை என்றார். அப்புறம் வலது கையில் கட்டைவிரலின் நுனிமூட்டைத் திருப்பிக் காட்டினார். நம் எல்லாருக்கும் அங்கே குறுக்கே மடிப்புக் கோடு இருக்கும். பாப்பாவுக்கு மெல்லியதாக ஒன்று இருந்தது. கோடே இல்லாமல் வழவழவென்று இருந்தால் உள்ளே நுனியை மடக்குகிற தசைநார் இல்லாமலோ தப்பான இடத்தில் ஒட்டியோ இருக்க வாய்ப்பு அதிகமாம், ஏனென்றால் மடங்காத இடத்தில் மடிப்பு விழாது. இருப்பது மெல்லிசாக இருந்தாலும் நல்ல சேதி என்றார். நடுமூட்டை ஒரு பக்கமாக மெதுவாகத் தள்ளிப் பார்த்தார், அது தாராளமாகவே சாய்ந்தது. அடிமூட்டைத் தனியாகப் பிடித்துப் பார்த்தபோது அது நின்றது.

இடுக்கு எவ்வளவு விரிகிறது என்று அளக்க ஒரு சின்ன பிளாஸ்டிக் கோனியோமீட்டர் (மூட்டின் கோணத்தை அளக்கிற கருவி) வைத்திருக்கிறார். ஆனால் அதைக் கடைசியில்தான் எடுத்தார், எடுத்தபோதும் இரண்டு விதமாக அளந்தார்: உள்ளங்கைக்கு நேராக முன்னால் விரல் எழும்புவது ஒன்று, உள்ளங்கையின் தளத்திலேயே பக்கவாட்டில் விரிவது இன்னொன்று. பழைய சீட்டில் இந்த இரண்டையும் ஒன்றாக்கி ஒரே வரியில் முடித்திருந்தார்கள். இரண்டரை வயதுக் குழந்தை கையை ஆட்டாமல் காட்டாது என்பதால், வெவ்வேறு பருமனில் மர உருளைகளைக் கொடுத்து எதுவரை கையால் சுற்றிப் பிடிக்கிறாள் என்றும் பார்த்தார். அளவுகளை எழுதும்போது ஒன்று சொன்னார், எனக்கு அதுதான் பிடித்தது: அடுத்த முறை அஞ்சு டிகிரி கூடியிருந்தால் அதை முன்னேற்றம் என்று சொல்ல மாட்டாராம், அது அளக்கிற கையிலேயே வருகிற வித்தியாசமாக இருக்கலாம். அளவுகோலை நம்பித் தொழில் செய்கிறவர்களுக்கு இந்தப் பேச்சின் அருமை தெரியும்.

பொட்டு விளையாட்டைச் சொல்லியே ஆகவேண்டும். ஸ்டிக்கர் பொட்டுகளை ஒவ்வொரு விரல் நுனியிலும் ஒட்டி, "கண்ணு, கட்டைவிரலால பொட்டைத் திருடு பார்க்கலாம்" என்றார். இது கப்பாஞ்சி என்ற பிரெஞ்சு டாக்டர் 1986இல் எழுதிய அளவைக் குழந்தைக்குத் தகுந்தபடி மாற்றியது. பெரியவர்களுக்கு அது 0 முதல் 10 வரை மதிப்பெண். கட்டைவிரல் நுனி ஆள்காட்டியின் அடிக்கணுப் பக்கவாட்டைத் தொட்டால் 1, நடுக்கணுவைத் தொட்டால் 2, ஆள்காட்டி நுனி 3, அப்படியே ஒவ்வொரு விரல் நுனியாகப் போய்ச் சுண்டுவிரல் நுனி 6, அங்கிருந்து சுண்டுவிரலிலேயே கீழே இறங்கி உள்ளங்கை ரேகையைத் தொட்டால் 10. பாப்பா நடுவிரல் பொட்டு வரை திருடினாள். நான் கை தட்டினேன், மேடம் தட்டவில்லை. வீடியோவை நிறுத்திக் காட்டினார்: நடுவிரல்தான் வளைந்து கீழே வந்திருக்கிறது, கட்டைவிரல் படுத்தவாறே நகர்ந்திருக்கிறது. உண்மையாகவே விரல் எதிரே வந்தால் கட்டைவிரல் சுழன்று, அதன் நகமும் மற்ற விரலின் நகமும் எதிரெதிர்ப் பக்கம் பார்க்கும். இவளுக்கு நகம் மேலே பார்த்தபடியே இருந்தது. அதனால் மதிப்பெண் போடவில்லை, "ஆள்காட்டி வரை சரியாக, நடுவிரல் மற்ற விரலின் உதவியோடு" என்று எழுதினார். விரலின் அழுத்தத்தை அளக்கிற பிஞ்ச் மீட்டரையும் எடுக்கவில்லை, ஐந்து வயதுக்கு முன் அதில் வருகிற எண்ணை நம்ப முடியாது என்றார். இரண்டு கையும் சேர்ந்து வேலை செய்வதை மதிப்பிட ஸ்வீடனில் உருவான அசிஸ்டிங் ஹேண்ட் அசெஸ்மென்ட் என்று ஒன்று இருக்கிறதாம், அதற்குத் தனியாகப் பயிற்சி எடுத்துச் சான்று வாங்க வேண்டும், தன்னிடம் அது இல்லை, அதனால் அந்தப் பெயரில் மதிப்பெண் தரமாட்டேன் என்று அவராகவே சொன்னார். இல்லாத சர்டிபிகேட்டையே சுவரில் மாட்டுகிற காலத்தில் இது பெரிய விஷயம்.

இன்னொன்று, இதைக் கட்டாயம் படியுங்கள். கையைப் பார்த்து முடித்ததும் "இதயத்துக்கு எக்கோ எடுத்தாச்சா, சிறுநீரகத்துக்கு ஸ்கேன், ரத்த அணுக்கள் எண்ணிக்கை?" என்று வரிசையாகக் கேட்டார். கட்டைவிரலும் முன்கையில் அந்தப் பக்க எலும்பும் குறைவாக உருவாகும் சில குழந்தைகளுக்கு இதயத்தில் ஓட்டை இருக்கலாம் (ஹோல்ட் ஓரம் என்று பெயர்), முதுகெலும்பு, உணவுக்குழாய், சிறுநீரகம் சேர்ந்து பாதிக்கப்படலாம், சிலருக்கு ஃபான்கோனி அனீமியா என்ற ரத்த நோய் பல வருடம் கழித்துத்தான் வெளியே தெரியும். எல்லாக் குழந்தைக்கும் இருக்கும் என்றில்லை, பலருக்குக் கை மட்டும்தான். ஆனால் ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுப்பதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டியவை இவை. எங்களுக்கு எக்கோ மட்டும்தான் எடுத்திருந்தார்கள். மற்றதைக் குழந்தை டாக்டரிடம் கேட்கச் சொல்லித் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

கூட வந்திருந்த என் அத்தை (மனைவியின் அம்மா, நாகலூர்க்காரர்) சும்மா இருப்பாரா, கிரகணத்தன்று தன் மகள் காய் நறுக்கியதுதான் காரணம் என்று ஆரம்பித்தார். மேடம் கோபப்படவில்லை. "எத்தனாவது மாசம்மா அது?" என்று கேட்டார். ஏழாவது மாதம். "விரல் எல்லாம் ரெண்டு மாசம் முடியறதுக்குள்ளயே தனித்தனியாப் பிரிஞ்சிரும்மா. ஏழாம் மாசம் எதை நறுக்கினாலும் விரல் எப்படிக் குறையும்?" என்றார். அத்தை யோசித்துவிட்டு, அப்படியா என்றார். வீட்டில் நான் வருடக்கணக்கில் கத்தியும் அடங்காத பேச்சு அன்றோடு நின்றது. என் மனைவி அதற்காகவே தனியாக ஐந்து ஸ்டார் கொடுப்பாள்.

ரிப்போர்ட் இரண்டு பக்கம், கூடவே வீடியோ. ஆபரேஷன் வேண்டுமா என்று அவர் சொல்லவில்லை, அது தன் வேலை இல்லை என்றார். வகை எண்ணும் போடவில்லை, பார்த்ததை மட்டும் எழுதினார். கோவையில் நாங்கள் காட்டிய கை அறுவை டாக்டர் தானும் ஒருமுறை பார்த்துவிட்டு, அந்த வீடியோவை இரண்டு முறை ஓட்டி, இரண்டாவது வகை, இந்த விரலையே வைத்துக்கொண்டு இடுக்கைத் திறந்து நடுமூட்டை இறுக்கலாம், கட்டைவிரல் எழும்புவதற்கு வேறு தசையைத் திசைமாற்றிப் பொருத்தலாம் என்றார். ஆஸ்பத்திரிக் கூட்டத்தில் புது ஆளைப் பார்த்து அழுகிற குழந்தையிடம் அவ்வளவையும் பார்த்திருக்க முடியாது என்று அவரே சொன்னார்.

சரி, குறைகள். சென்டர் முதல் மாடியில், லிஃப்ட் இல்லை. கை தெரபிக்கு வருகிறவர்களுக்குப் பரவாயில்லை, பக்கவாதம் வந்தவர்களைத் தூக்கிக்கொண்டு ஏறுவதைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. குழந்தைக்குத் தனி அறை கிடையாது, ஒரு திரைதான். அந்தப் பக்கம் யாராவது வலியில் கத்தினால் இந்தப் பக்கம் குழந்தை விளையாட்டை விட்டுவிடும். ரிப்போர்ட் முழுக்க இங்கிலீஷ். டாக்டருக்குத்தானே என்கிறார்கள், வீட்டில் படிக்கிறது யார்? தமிழில் அரைப் பக்கம் சேர்த்தால் என்ன குறைந்துவிடும்? போன் எடுக்கவே மாட்டார்கள், வாட்ஸ்அப்பில் போட்டால் மறுநாள் பதில் வரும். சனிக்கிழமை கூட்டம் தாங்காது, அன்று இந்த மேடம் இல்லாமல் வேறு ஒருவர் இருப்பார். அளவுகள் ஒரே ஆள் கையால் எடுத்தால்தான் ஒப்பிட முடியும் என்பதால் இவர் இருக்கும் நாளாகக் கேட்டு வாங்குங்கள்.

இரவில் போடுகிற ஸ்ப்ளிண்ட் ஒன்றும் செய்து கொடுத்தார்கள், இடுக்கு மேலும் இறுகாமல் இருக்க. வெந்நீரில் போட்டால் இளகும் பிளாஸ்டிக், கையிலேயே வைத்து வடிவம் எடுக்கிறார்கள். வேலை சுத்தம். ஆனால் நம்மூர் சித்திரை வெயிலில் அதை வண்டியின் டிக்கியில் விட்டுவிட்டால் வளைந்துபோகும் என்பதைக் கொடுக்கும்போதே சொல்லியிருக்கலாம். வியர்வையில் பொரிப்பொரியாக வந்தது, உள்ளே மெல்லிய பருத்தித் துணி வைத்த பிறகு சரியானது. முதல் நாள் பார்ப்பதற்கு 700 ரூபாய், ஸ்ப்ளிண்ட் தனி. கட்டுப்படியாகாதவர்கள் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் குழந்தைகளுக்கான ஆரம்பநிலை இடையீட்டு மையத்தைக் கேளுங்கள். ஆபரேஷன் தேவைப்பட்டால் சென்னை ஸ்டான்லியில் கை அறுவைக்கென்றே தனித் துறை இருக்கிறது.

எல்லாக் கட்டைவிரல் பிரச்சினைக்கும் இங்கே ஓட வேண்டியதில்லை. கட்டைவிரல் நுனி மடங்கியபடியே பூட்டிக்கொண்டு நிமிரவில்லை, அடியில் ஒரு சின்ன முடிச்சு தட்டுப்படுகிறது என்றால் அது பெரும்பாலும் ட்ரிகர் தம்ப், பிறந்த பிறகு வருவது, பலருக்குத் தானாகவே விடும், முதலில் எலும்பு டாக்டரைப் பாருங்கள். பக்கத்துப் பட்டறைக்காரரின் பேரனுக்கு அப்படித்தான், இந்த மேடம் பணம் வாங்காமல் திருப்பி அனுப்பிவிட்டார். இரட்டைக் கட்டைவிரல் உள்ள குழந்தை என்றால் அவசியம் காட்டுங்கள், இரண்டில் எது நன்றாக அசைகிறது, எதில் தசைநார் இருக்கிறது என்று பார்த்துத்தான் டாக்டர் எதை எடுப்பது என்று முடிவு செய்வார். அதிர்ஷ்டம் என்று விட்டுவைப்பது உங்கள் இஷ்டம், ஆனால் ஊரில் சிலர் சொல்கிற மாதிரி நூலைக் கட்டி உதிர விடாதீர்கள், எலும்பும் மூட்டும் உள்ள விரல் அது, சீழ் பிடிக்கும்.

ஏற்காட்டிலிருந்து வருகிறவர்கள் காலை முதல் அப்பாயின்ட்மென்ட் வாங்காதீர்கள். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வாந்தி எடுத்த குழந்தை எதையும் கையில் எடுக்காது. பதினொரு மணிக்கு மேல் வாங்கி, புது பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஏதாவது சாப்பிட வைத்துவிட்டுப் போங்கள். நகத்தை முதல் நாளே வெட்டிவிடுங்கள், முழுக்கை சட்டை வேண்டாம், குழந்தைக்குப் பழக்கமான பொம்மை ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீரும் கொண்டு போங்கள், அங்கே இருக்கிற கூலர் நாங்கள் போனபோதெல்லாம் ரிப்பேர்தான்.